வினாகிரி வாசம் வந்தால் மூடி வைக்காதீர்கள்: மலையகத்தில் பழைய ரீல் வைத்திருப்போர் செய்யும் தவறுகள்

நுவரெலியா குளிரில் சினிமா ரீல் கெடாது என்று நம்பிப் பலர் படப்பெட்டியை ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். குளிர் நல்லதுதான். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனி ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பிலிமில் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சணம் பிடிக்கும். 30க்கும் 50க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. ஈரமானியைச் சுவரில் மாட்டாமல் ரீல் இருக்கும் அலுமாரிக்குள்ளேயே வையுங்கள்.

அடுத்தது தேயிலைப் பெட்டி. பார்க்க உறுதியாக இருக்கும், உள்ளே ஈயத்தாளும் ஒட்டியிருக்கும். கெடுதலே அந்த ஈயத்தாள்தான். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும்; டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வினாகிரி வாசம் அதுதான். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும் அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான். பூச்சி உருண்டை வாசத்தை மறைக்கும், அமிலத்தை நிறுத்தாது. மணக்கும் ரீலைப் பிரித்து, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டின்னில், வேறு அறையில் வையுங்கள். வாசம் வரும்முன்பே அறிய ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நீலக் கடதாசித் துண்டு இருக்கிறது. டின்னுக்குள் 24 மணிநேரம் விட்டால் நீலம் பச்சையாகி, நிலைமை மோசமென்றால் மஞ்சளாகும்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைப்பவர்கள் படத்தையே துடைத்தெடுக்கிறார்கள், ஏனெனில் தண்ணீர் பட்டால் ஜெலட்டின் இளகும். பாமசியில் கிடைக்கும் 70 வீத ஸ்பிரிட்டிலும் மிச்சம் தண்ணீர்தான். முதலில் ரீலை உலர்ந்த இடத்தில் வைத்து, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு நூல் பிரியாத துணியில் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். வெயிலில் காயப்போட்டால் சுருளும். கூரை ஒழுகி முழுதாக நனைந்த ரீலுக்கு மட்டும் நேர்மாறான வைத்தியம். காயவிட்டால் சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். சுத்தமான குளிர்ந்த நீரிலேயே மூழ்கவைத்து பிலிம் லேப் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, 'ஒருதரம் ஓட்டிப் பார்ப்போமே' என்ற ஆசை. இலங்கைத் தமிழ்ப் படங்கள் 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என்று தொடங்கின. பிரிண்ட் எடுக்க உதவும் மூலமான பழைய நெகட்டிவை ஸ்டூடியோக்கள் பேணவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது மிச்சமிருந்ததிலும் பல போயின. உங்கள் கையிலிருக்கும் தேய்ந்த பிரிண்டே கடைசிப் பிரதியாக இருக்கலாம். ஆகவே ஓட்டும்முன் அளந்து பாருங்கள். 35 மி.மீ. பிரிண்டில் 100 பல்துளைகள் 47.5 சென்ரிமீற்றர் வரவேண்டும். 47 அல்லது அதற்குக் குறைவென்றால் ஒரு வீதம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். புரொஜெக்டரின் பல் துளையைக் கிழித்துவிடும். 16 மி.மீ. என்றால் 100 துளைக்கு 76.2 வரவேண்டும், 75.4இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

1951க்கு முந்தைய 35 மி.மீ. என்றால் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்று பிலிமாக இருக்கலாம். நெருப்பு வைத்துச் சோதிக்க வேண்டாம். அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கித் தண்ணீருக்குள்ளும் எரியும். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகவும் வேண்டாம்.

சுவரில் ஓடுவதைப் போனில் பிடித்துவிட்டு 'டிஜிட்டல் ஆக்கியாச்சு' என்று ரீலைக் குப்பையில் போடுவது இன்னொரு வழக்கம். அந்த வீடியோவில் துடிப்பும் மங்கலும்தான் மிஞ்சும். நல்ல ஸ்கேனர் கிடைக்கும் நாளில் ரீல் இருக்காது. பாட்டுக் காட்சியை மட்டும் வெட்டித் தனியே வைப்பதும் அந்த வகைதான். துருப்பிடித்த டின்னை மாற்றலாம், ஆனால் மூடியில் ஒட்டிய கடதாசியைப் படமெடுத்துவிட்டு மாற்றுங்கள். முதல் ரீலின் எழுத்தோட்டம் அறுந்துபோன பிரிண்டுக்கு, இது என்ன படம், எத்தனையாவது ரீல் என்று சொல்ல அந்தக் கடதாசி மட்டும்தான் மிச்சமிருக்கும்.