பைத்தானில் மெயில் போகவில்லையா? முதலில் போர்ட்டைப் பாருங்கள்

அலுவலகக் கணினியில் ஒழுங்காக மெயில் அனுப்பிய பைத்தான் ஸ்கிரிப்ட், வாடகை சர்வரில் ஏற்றியதும் பிழைச் செய்தி கூட இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. மெயில் அனுப்பும் பைத்தான் நூலகமான எஸ்எம்டிபிலிப்பில் (smtplib) போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசலில் இணைவது என்ற எண், தராவிட்டால் அது 25-ஐ எடுத்துக்கொள்ளும். ஸ்பேமுக்குப் பயந்து பல சர்வர் நிறுவனங்கள் வெளியே போகும் 25-ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் டெல்நெட் கருவியில் மெயில் சர்வரைத் தட்டிப் பார்த்தேன்: 25-ல் சத்தமே இல்லை, 587-ல் உடனே 220 (தயார் என்று பொருள்) என்று பதில். சரி என்று 587-ஐப் போட்டால் லாகின் ஏறவில்லை, ஏனென்றால் அந்த போர்ட்டில் இணைப்பு மறையாக்கம் இல்லாமல்தான் தொடங்கும், லாகினுக்கு முன்னால் இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ் (starttls) கட்டளையை அழைக்க வேண்டும். அழைத்தேன், மெயில் போய்விட்டது.

465 வேறு ரகம், முதலிலிருந்தே டிஎல்எஸ், அதாவது மறையாக்கம். அதற்கு எஸ்எம்டிபிலிப்பில் உள்ள எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல் (SMTP_SSL) வகுப்பு. அந்த வகுப்பை 587-க்குப் போட்டால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று சம்பந்தமில்லாமல் திட்டும். டைம்அவுட் 10 விநாடி வைத்துவிடுங்கள், இணைப்பு கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் அப்படியே நிற்காமல் பிழை காட்டும்.