லெனாபே வாழ்வு மாறிய கதையைப் பள்ளிச் சுவரில் காட்டுவது எப்படி?

லெனாபே என்பவர்கள் இன்றைய நியூயார்க் பகுதியின் பூர்வகுடி மக்கள்; டச்சுக்காரர் வருகை அவர்கள் வாழ்வை மாற்றியது. இதைக் காட்ட, சென்னைப் பள்ளி வரலாற்று மன்றத்துக்கு நான்கு சார்ட், ஒரு வரைபடம் போதும். தொடக்கப் பிடி பழவேற்காடு. அங்கே 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1609-ல் ஹென்றி ஹட்சன் என்ற ஆங்கிலேய மாலுமியை அனுப்பியது. ஆசியாவுக்கு வழி தேடிப் போனவர் லெனாபே மண்ணை அடைந்தார்.

முதல் சார்ட்டில் பழைய வாழ்க்கை: பெண்கள் ஒரே வயலில் வளர்த்த மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, தாய்வழிக் குலம். பிள்ளைகள் கூம்புக் கூடாரமும் இறகுக் கிரீடமும் வரைந்துவிடுவார்கள். அவை அமெரிக்காவின் நடுச் சமவெளியில் வாழ்ந்த வேறு பூர்வகுடி மக்களுடையவை. இளமரக் கொம்புகளை வளைத்து, மரப்பட்டை போர்த்திய வீடுகளை வரையச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மென்மயிருக்காக வேட்டையாடப்பட்ட பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். 1626-ல் ஒரே கப்பலில் 7,246 தோல்கள் ஆம்ஸ்டர்டாம் போயின. பதிலுக்குச் செம்புக் கொப்பரை, இரும்புக் கோடரி, கம்பளித் துணி வந்தன. மண்பானை வனைவது குறைந்தது. கரையோரத்தில் பீவர் அருகியதும் வேட்டை தொலைவுக்கு நகர்ந்தது.

மூன்றாவதற்கு அதிக இடம் விடுங்கள். வாம்பம் என்ற சிப்பிமணி உறவுக்கும் உடன்படிக்கைக்கும் துக்கத்துக்கும் கைமாறியது; டச்சுக்காரர்கள் அதைச் செலாவணி ஆக்கினார்கள். இரும்புத் துளைப்பான் வந்ததும் உற்பத்தி பெருகியது. மாதிரிக்கு 6 மி.மீ. நீளக் குழல் பாசி வாங்குங்கள், 45 செ.மீ. சரத்துக்கு 75 மணி. உருண்டைப் பாசி வேண்டாம், பட்டையாக அடுக்கும்போது புரளும். வெள்ளையைவிட ஊதாவுக்கு இருமடங்கு மதிப்பு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

நான்காவது, நிலம். 1626-ல் இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு 60 கில்டருக்கு (டச்சு நாணயம்) வாங்கப்பட்டதாக ஒரு டச்சுக் கடிதம் சொல்கிறது, பத்திரம் கிடைக்கவில்லை. நிலத்தைச் சேர்ந்து பயன்படுத்தும் உடன்பாடாகவே லெனாபே மக்கள் இதைப் புரிந்திருக்கலாம். பலரும் இந்த விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகுதான் கொடுமை: வேலியில்லா வயல்களில் டச்சுப் பன்றியும் மாடும் மேய்ந்தன, 1639-ல் டச்சுக் குடியேற்றத்தின் ஆளுநர் கீஃப்ட் லெனாபே மக்களிடம் வரி கேட்டார், 1643 பிப்ரவரி இரவில் அடைக்கலம் தேடி வந்திருந்தவர்களை, குழந்தைகள் உட்பட, அவருடைய படை கொன்றது. ஐரோப்பியரோடு வந்த பெரியம்மைக்குத் தனிக் கட்டம் வேண்டும். துப்பாக்கியை மட்டும் வரைந்தால் பாதி இழப்பு மறைந்துபோகும்.

வரைபடத்தை நியூயார்க்கோடு வெட்டாதீர்கள். ஒக்லஹோமா, விஸ்கான்சின், கனடாவின் ஒண்டாரியோ மூன்றும் தெரிய வேண்டும். லெனாபே வழிவந்த சமூகங்கள் இன்று அங்கே வாழ்கின்றன.