பெரியவர்களுக்கு வரும் ஈறு நோய்: அறியும் முறையும் சிகிச்சையும்

ஈறு நோயின் பெரிய ஆபத்து, அது வலிக்காமல் வளர்வதே. சொத்தைப் பல் ஒரே இரவில் தூக்கத்தைக் கெடுத்து மருத்துவரிடம் அனுப்பிவிடும். ஈறு நோயோ பல்லைத் தாங்கும் எலும்பைப் பல ஆண்டுகளாகக் கரைத்த பின்னரும் பெரும்பாலும் வலி தருவதில்லை. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களில் பலர் பல் ஆடத் தொடங்கிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள். ஆகவே, வேறு அறிகுறிகளைக் கொண்டு இந்நோயை முன்கூட்டியே கண்டுகொள்ளப் பழக வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டையும் கன்னத்தையும் விரலால் விலக்கிப் பாருங்கள். நலமான ஈறு பல்லின் அடியை இறுக்கமாகப் பற்றியிருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவே கூர்மையான முனையாக முடியும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் கருமை படர்ந்த ஈறு பலருக்குப் பிறவியிலேயே இயல்பானது. முன்பு இல்லாத சிவப்பும் பளபளப்பும், பல்லின் ஓரத்தில் உப்பிய விளிம்பும், துலக்கும்போது கசியும் ரத்தமும் தொடக்க நிலையின் அடையாளங்கள். நீங்காத வாய் நாற்றம், அழுத்தினால் வெளிவரும் சீழ், ஈறு இறங்கியதால் நீண்டது போலத் தெரியும் பல், புதிதாக உண்டான இடைவெளி, கடிக்கும்போது பற்கள் முன்போல் பொருந்தாமை, பல் ஆட்டம் ஆகியவை நோய் எலும்பு வரை சென்றிருக்கலாம் என்பதைக் காட்டுகின்றன.

இவற்றுள் ரத்தக் கசிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தம் வரும் இடத்தில் புண் இருப்பதாக எண்ணி, அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுவது மிகப் பரவலான வழக்கம். நோயை வளர்ப்பதும் இந்த வழக்கமே. 1965ஆம் ஆண்டு ஹரால்டு லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில், நலமான ஈறு உடைய 12 பேரைப் பற்களைச் சுத்தம் செய்வதை நிறுத்தச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது. பல்லின் மேல் படியும் கிருமிப் படலமே அழற்சிக்குக் காரணம் என்பதையும், அதை நாள்தோறும் அகற்றினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும் என்பதையும் அந்த ஆய்வு ஐயமின்றிக் காட்டியது. எனவே ரத்தம் வரும் இடத்தை, மென்மையாகவும் பொறுமையாகவும், மற்ற இடங்களைவிடக் கூடுதல் கவனத்துடன் சுத்தம் செய்யுங்கள். அவ்வாறு இரண்டு வாரம் செய்தும் கசிவு நிற்கவில்லையென்றால் பல் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் இந்த அடையாளம் ஏமாற்றக்கூடும். புகை ஈற்றின் ரத்தக் கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ரத்தம் தெரியாமல் போகலாம்.

அகற்றப்படாத படலம் உமிழ்நீரில் உள்ள தாதுக்களை ஏற்று இறுகி, காரையாக மாறுகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நாக்கால் தடவினால் சொரசொரப்பாக உணரப்படுவது பெரும்பாலும் இதுதான். காரை படிந்த பின் எவ்வளவு அழுத்தித் துலக்கினாலும் அது போகாது. படலம் ஈற்றுக்குக் கீழே இறங்கும்போது, ஈறு பல்லிலிருந்து பிரிந்து பை போன்ற பள்ளம் உண்டாகிறது. பிறகு எலும்பும் கரைகிறது. அழற்சி மட்டும் இருக்கும் நிலையை முழுமையாகக் குணப்படுத்தலாம். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. அந்நிலையில் சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கரையாமல் நிறுத்துவதே. கட்டுப்படாத சர்க்கரை நோய் ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோயும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. இரண்டும் உள்ளவர்கள் இரண்டுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஆனால் துல்லியம் தேவை. மென்மையான இழைகள் கொண்ட பிரஷை, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சுமார் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு அசைவுகளாக ஒன்றிரண்டு பற்களாகத் துலக்கிச் செல்லுங்கள். ஃபுளோரைடு கலந்த பேஸ்டுடன் நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரவு படுக்கும் முன் துலக்குவதை ஒருபோதும் தவறவிடக் கூடாது. பிரஷின் இழைகள் பற்களின் இடுக்குக்குள் சரியாக நுழைவதில்லை, நோயோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே நாளுக்கு ஒரு முறை இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள்: இடைவெளி இருந்தால் அதற்குப் பொருந்தும் அளவுள்ள சிறு இடுக்கு பிரஷ், நெருக்கமாக இருந்தால் பல் இடுக்கு நூல். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த வாய் கொப்பளிப்பான் மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு உதவும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும், சுவையும் மாறும். எந்தக் கொப்பளிப்பானும் துலக்குவதற்கு ஈடாகாது.

மருத்துவர் அளவுக் கோடிட்ட மெல்லிய கருவியை ஈற்றின் ஓரத்தில் செலுத்தி ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கவனிக்கத்தக்கவை. எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுப்பார். பின்னர் ஸ்கேலிங் மூலம் காரை நீக்கப்படும்; பள்ளம் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற அச்சம் எத்தனையோ பேரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைத்திருப்பது மிகவும் வருந்தத்தக்கது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்த இடத்தைக் காரை மறைத்திருக்கும். அதை நீக்கியதும் இடைவெளி வெளிப்படுகிறது, பல் கூச்சமும் சில நாள் இருக்கலாம். பல்லைத் தளர்த்தியது நோய்தான், சிகிச்சை அன்று. சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மீண்டும் அளந்து பார்த்து, ஆழமான பள்ளங்கள் எஞ்சியிருந்தால் மட்டுமே அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். கடையில் தானாக வாங்கி உண்ணும் ஆன்டிபயாடிக் மாத்திரை, படலத்தையும் காரையையும் அகற்றாது என்பதால், வீக்கம் தற்காலிகமாக வடிந்தாலும் நோய் அப்படியே இருக்கும்.

ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி அல்லது மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்றவற்றை உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கடைசி இரண்டும் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்கும். அவர்களும் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலுடன் விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், ஈற்றில் ரத்தம் கசிவதோடு உடலில் காரணமின்றிக் கன்றிப்போன திட்டுகள் தோன்றினாலும் அவை வேறு நோய்களாக இருக்கலாம் என்பதால் உடனே பரிசோதனை தேவை.

எலும்பு வரை சென்ற நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், பழையபடி வாய் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பின்னர் நிலையைப் பொறுத்து இடைவெளியை அவர் மாற்றியமைப்பார். ஒவ்வொரு முறையும் பள்ளங்களின் அளவை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு, சென்ற முறை எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பல்லில் ஆழம் கூடியிருக்கிறதோ அந்தப் பல்லை வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.