மேடைப் பேச்சைக் கேட்பதும் புள்ளடி போடுவதும்

இலங்கையில் தேர்தல் கூட்டத்துக்கு ஒரு கொப்பியோடு போங்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் மூன்று விசயம் குறியுங்கள்: அதைச் செய்யும் அதிகாரம் யாரிடம், எத்தனை பேரின் ஆதரவு வேண்டும், அந்த வேலை இப்போது எந்த நிலையில் நிற்கிறது. கைதட்டலில் அடிபட்டுப் போவது இவைதான்.

யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறையில் ஒருவர் "இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் மீன்பிடியை, தடைசெய்யச் சட்டம் கொண்டுவருவோம்" என்று முழங்குகிறார் என வையுங்கள். அந்தச் சட்டம் 2017 இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. இல்லாதது அமுலாக்கம். ஆகவே, கடற்படையையும் கடற்றொழில் திணைக்களத்தையும் எப்படி இயங்க வைப்பீர்கள், அறுபட்ட வலைக்கு நட்டஈடு யார் தருவது என்று கேளுங்கள். குருநகரில் உள்ளூர் இழுவைப்படகுக்காரர் முன்னாலும் அதையே பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். இடத்துக்கு இடம் மாறும் பேச்சை நம்பி வாக்குப் போடக்கூடாது.

புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேசினால் கணக்குக் கேளுங்கள். நாடாளுமன்றத்தின் 225 பேரில் 150 பேர் வேண்டும். சில உறுப்புரைகளை மாற்றச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 இல் கிடைத்தது 6 ஆசனம். மிச்சப் பேரை எப்படிச் சேர்ப்பார் என்பதற்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் கோசம். முன்பு உறுப்பினராக இருந்தவரென்றால், நாடாளுமன்றத்தில் என்ன பேசினார் என்று அதன் உரைப் பதிவேடான ஹன்சாட்டில் தேடிப் பாருங்கள்.

நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி (X). அதன் பிறகே அந்தப் பட்டியலில் உள்ள வேட்பாளர்களுக்கான விருப்பு வாக்கு, மூன்று வேட்பாளர் இலக்கம் வரை. இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டுக் கழிபடும். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் அப்படித்தான். நாலு விருப்பு வாக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். சீட்டு நீளமானது, சின்னங்களும் கண்ணைக் குழப்பும். வேட்பாளர் இலக்கத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள்.

மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுக்கும் பட்டியல் ஆசனப் பங்கீட்டில் சேராது. கூடுதல் வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மற்றவைதான் பங்கிடப்படும். ஒரே கொள்கை பேசும் பல குழுக்களுக்கு வாக்கு சிதறினால் நட்டம் இங்கேதான்.

சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பைக் குறிக்கலாம். 1 போடாமல் 2, 3 மட்டும் போட்டால் செல்லாது. 2024 இல் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால் முதல் தடவையாக இரண்டாம் சுற்றில் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. இரண்டாம் விருப்பை வெறுமையாக விடாதீர்கள்.

அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேர்தல் நாள் வரை காத்திராமல், தற்காலிக அட்டைக்கு விதானையாரை (கிராம அலுவலரை) முன்கூட்டியே பாருங்கள்.