பழைய படத்தில் கிடக்கும் றிவோல்வரை அடையாளம் காண்பது எப்படி?

எங்கள் அம்மப்பா நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்தவர். அக்கரைப்பற்றுக்கு அங்கால் காட்டில் கூடாரம் அடித்திருந்தபோது எடுத்த படம் ஒன்று களுவாஞ்சிக்குடி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. துரை கதிரையில் இருக்கிறார், அம்மப்பா பின்னால் நிற்கிறார், மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு றிவோல்வர். "ஹெர்மிஸ் கப்பல்ல தப்பின ஒபிசர் துரைக்குக் குடுத்த துவக்கு" என்று அம்மா சொல்லுவா. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மட்டக்களப்புக் கடலில் தாண்டுபோன அதே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ். இந்தக் கதையைச் சரிபார்க்கப் போய்த்தான் நான் இதையெல்லாம் படித்தேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. இங்கே சொல்வது படங்களையும் காட்சிக்கூடப் பொருட்களையும் பார்ப்பதற்கு. கிணறு வெட்டும்போதோ பழைய பெட்டியிலோ நிசத் துவக்கு ஏதாவது அகப்பட்டால் தொடாதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். நம்முடைய மாவட்டங்களில் மண்ணுக்குள் என்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தாத்தாவின் நினைவுப்பொருள் என்று சொல்லித் தப்ப முடியாது.

படி 1: படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள்

கண்ணாடிக்கு மேலாகப் படம் எடுத்தால் உங்கள் முகம்தான் தெரியும். ஆணியை மெதுவாகப் பிடுங்கி, விறாந்தை நிழலில் வைத்து, நேர் மேலிருந்து போனில் எடுங்கள். முடிந்தால் கொம்யூனிகேசன் கடையில் ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது. படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். நான் இதைக் கடைசியாகத்தான் செய்தேன், நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள்.

படி 2: உருளை இருக்கிறதா?

விசைக்கு மேலே பீப்பாய் போல ஓர் உருளை துருத்திக்கொண்டிருந்தால் அது றிவோல்வர். பெரும்பாலும் 6 ரவை போகும். தட்டையாக இருந்தால் பிஸ்டல், அதற்கு இந்தக் குறிப்பு உதவாது.

படி 3: எப்படித் திறக்கும்?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பிரித்தானிய வெப்லி, என்பீல்ட் றிவோல்வர்கள் பாக்குவெட்டி மாதிரி முன்பக்கப் பிணைச்சலில் மடியும். குழலும் உருளையும் ஒன்றாகக் கீழே சரிய, சுட்ட கோதுகள் ஆறும் ஒரே தடவையில் மேலெழும்பி வெளியே வந்துவிடும். அமெரிக்க ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் வகைகளில் 20ஆம் நூற்றாண்டில் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உருளை மட்டும் இடப்பக்கம் விலகும், துவக்கின் உடற்சட்டம் முழுசாக அப்படியே நிற்கும்.

மூடிக் கிடக்கும் துவக்கில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? குழலுக்கு அடியில், உருளைக்கு முன்னால் ஒரு பெரிய திருகாணித் தலை தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் பிணைச்சல். பிறகு சுத்தியலுக்கு (பின்பக்கத்தில் ரவையை அடிக்கும் பாகம்) சற்று முன்னால், இடப்பக்கத்தில் பெருவிரலால் தள்ளும் நெம்பு ஒன்று இருக்கும். இரண்டும் தெரிந்தால் மடியும் வகை. எங்கள் படத்தில் இரண்டும் தெரிந்தன.

படி 4: பிடியும் குழலும்

வெப்லியின் முதலாம் மாதிரி 1887இல் படைக்கு எடுக்கப்பட்டது. அது முதல் ஐந்தாம் மாதிரி வரை பிடியின் அடி கிளிமூக்குப் போல வளைந்திருக்கும். 1915இல் வந்த ஆறாம் மாதிரியின் பிடி அடியில் அகன்று சதுரமாக முடியும்.

அடுத்தது ஒரு கடதாசித் துண்டு வேலை. குழல் வாயிலிருந்து பிடியின் பின்விளிம்பு வரை கடதாசியில் குறித்து, அதைப் பாதியாக மடியுங்கள். ஆறாம் மாதிரியின் மொத்த நீளம் 11¼ அங்குலம், குழல் 6 அங்குலம். அதாவது குழல் பாதியைத் தாண்டும். 4 அங்குலக் குழல் உள்ள பழைய மாதிரிகளில் பாதிக்கு எட்டாது. 1932இல் வந்த என்பீல்ட் 2ஆம் இலக்கத்துக்கு 5 அங்குலக் குழல், கிட்டத்தட்டச் சரிபாதி. இந்த இடத்தில்தான் நான் இரண்டு நாள் குழம்பினேன், ஏனென்றால் வெப்லியும் என்பீல்டும் அண்ணன் தம்பி மாதிரி. சுத்தியலில் விரல் வைக்கும் கொம்பு இல்லையென்றால், அது 1938இல் யுத்த தாங்கிப் படையினருக்காக மாற்றிய என்பீல்டாக இருக்கலாம். துரையின் துவக்கில் கொம்பு இருக்கிறது, பிடி சதுரம், குழல் பாதிக்கு மேல். ஆறாம் மாதிரி வெப்லி என்றுதான் என் மனம் சாய்கிறது.

படி 5: முத்திரைகள்

இவை பழைய படத்தில் தெரியாது. இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் ஒரு ஏலத்தில் வந்த வெப்லியின் கிட்டப் படங்களை அனுப்பினான், அவற்றை வைத்துப் பழகினேன். அகன்ற அம்புக்குறி இருந்தால் அரச சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், படையிலிருந்து கழித்து விற்றது. கிரீடம் பொறித்த சின்னங்களில் சில, துவக்கைச் சுட்டுச் சோதிக்கும் பரிசோதனைச் சாலையின் முத்திரைகள். பேர்மிங்காமில் அப்படிச் சாலை ஒன்று 1813 முதல் இருக்கிறது. உடற்சட்டத்திலும் உருளையிலும் ஒரே இலக்கம் இருந்தால் அவை பிறந்தபோதே சோடி.

படி 6: அழகு எங்கே?

பளபளப்பில் தேடாதீர்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஏற்றிய நீலச்சாயம் உறை உரசிய இடங்களில் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறமாகியிருக்கும், கறுப்பு வல்கனைட் (கெட்டி றப்பர்) பிடியில் விரல் பட்ட கோடுகள் மழுங்கியிருக்கும். யாரோ புதிதாகத் தெரியட்டும் என்று தேய்த்திருந்தால் விளிம்புகள் உருண்டு, எழுத்துகள் ஆழமிழந்து கிடக்கும். எனக்கு அப்படிப்பட்டதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பழைய பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வேறு, இது வேறு.

சரி, படத்தின் பின்பக்கம். பென்சிலால் மூன்று சொற்கள்: "முகாம், மாசி, 1938." ஹெர்மிஸ் தாழ இன்னும் நாலு வருசம் கிடந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. "மூண்டில்ல மனே, நாலா இருக்கும், வடிவாப் பாரு" என்றா. பெருப்பித்துப் பார்த்தேன். மூன்றுதான்.