ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் படுகர் ஊரான ஹட்டியோ, கோத்தர் ஊரான கோக்காலோ, எஸ்டேட் லைன் வீடுகளோ, கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமோ, ஒரு தகராறு என்றால் ஜனங்கள் முதலில் பெரியவர்களிடம்தான் போகிறார்கள். அதில் தப்பில்லை. ஸ்டேஷனுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். சண்டை போட்டவர்கள் மறுநாள் காலையில் அதே குழாயடியில் நின்றாக வேண்டும். சிக்கல் உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது. ஊருக்கு வேண்டியது அமைதி. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது இழந்ததற்கு ஈடு. குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது கோர்ட்டின் வேலை, அதற்கு ஆதாரம் வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் பெரும்பாலான பஞ்சாயத்துகள் கெட்டுப்போகின்றன.

பேசக்கூடாததைப் பேச உட்காருவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மாடு மேய்ந்த பயிர், தண்ணீர்க் குழாய், நடைபாதை, கைமாற்றுக் கடன், கூலி பாக்கி, வாய்ச்சண்டை ஆகியவற்றை ஊரில் தாராளமாகப் பேசலாம். லேசான அடிதடியில்கூட, அடிபட்டவர் மனமொப்பினால் சமரசத்துக்குச் சட்டமே இடம் தருகிறது.

பாலியல் வன்முறை, குழந்தைக்கு நடந்த எந்தப் பாலியல் குற்றம், ஆயுதத்தால் ஏற்பட்ட பலத்த காயம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம் ஆகியவற்றை ஊர் சமரசம் பேசி முடிக்க முடியாது. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ‘பெண்ணின் வாழ்க்கை’ என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொடுத்தும், கல்யாணம் பேசியும் மூடுகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது அநியாயம் செய்கிறார்கள். கலப்பு மணம் செய்தவர்களை விசாரிக்கும் அதிகாரமும் எந்தப் பஞ்சாயத்துக்கும் இல்லை. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2011-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்றே சொன்னது.

நிலத்திலும் நிதானம் வேண்டும். எல்லைக்கல் தகராறு பேசலாம். உரிமையை மாற்றி எழுத முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தில் இன்னும் முடிவாகாமல் கிடக்கும் நிலத்தை ‘இனி உனக்கு’ என்று ஊர் சொன்னால் அதற்கு மதிப்பே கிடையாது. 2006 வன உரிமைச் சட்டத்தில் பளியருக்கோ இருளருக்கோ கிடைத்த உரிமை வாரிசுக்குத்தான் போகும். கடனுக்காக அதை எழுதி வாங்கினால் செல்லாது.

அபராதத்தையும் நஷ்டஈட்டையும் ஒன்றாக்குவது

மாடு கேரட் தோட்டத்தில் புகுந்துவிட்டது. ஊர் கூடுகிறது, ‘ஐயாயிரம் கட்டு’ என்கிறது, பணம் கோயில் நிதிக்குப் போகிறது. பயிரை இழந்தவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஊர் யாரையும் தண்டிக்க முடியாது. இழப்பைக் கணக்குப் பார்த்து ஈடு செய்ய உதவத்தான் முடியும். அந்தக் கணக்கையாவது சரியாகப் போட வேண்டும்.

அன்றைக்கே, மழை விழும் முன், இரு தரப்பிலும் ஒருவர் நிற்க, அழிந்த பாத்திகளை எண்ணிப் படம் எடுங்கள். பக்கத்தில் மேயாத ஒரு பாத்தியைப் பார்த்து எத்தனை கிலோ தேறும் என்று முடிவு செய்யுங்கள். பாத்திக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாத்தி போனால் 120 கிலோ. அந்த வார மேட்டுப்பாளையம் மண்டி விலை கிலோ 25 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். இதை அப்படியே கேட்பது தவறு. பிடுங்கும் கூலி, கழுவும் கூலி, சாக்கு, லாரி வாடகை, மண்டி கமிஷன் எதுவும் இன்னும் செலவாகவில்லை. அது கிலோவுக்கு 8 ரூபாய் என்றால் 960 கழியும், நிற்பது 2,040. மிதிபடாமல் 20 கிலோ தேறியிருந்தால் அதன் நிகரம் 340-ஐயும் கழித்து, தர வேண்டியது 1,700 ரூபாய். பயிர் முளைப்பிலேயே போயிருந்து திரும்ப விதைக்க முடியுமானால் கணக்கு வேறு: விதை, உழவு, ஆள் கூலி, தாமதத்தால் வரும் நஷ்டம் மட்டும். தோட்டக்காரர் சரிசெய்ய வேண்டிய வேலி உடைந்து கிடந்ததா என்பதையும் கேளுங்கள்.

ஈடு வாங்கினால் எல்லாம் முடிந்தது என்பதும் தப்புக்கணக்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது. அந்த உடன்பாட்டால் மண் சுத்தமாகவில்லை. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பது தனியாகவே பேசப்பட வேண்டியிருந்தது. ஊர்த் தகராறிலும் பணம் எவ்வளவு, திரும்ப நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒதுக்கி வைப்பது

மலையில் இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. ஒரே கடை, ஒரே பாதை, ஒரே தண்ணீர்த் தொட்டி உள்ள ஊரில் ‘யாரும் பேசாதே, எதுவும் கொடுக்காதே’ என்றால், தப்பே செய்யாத குழந்தையும் கிழவியும் சேர்ந்து தண்டிக்கப்படுகிறார்கள். பாதையை மறித்தாலும் மிரட்டினாலும் குற்றவழக்கு வரும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் ஒதுக்கி வைத்தால், ஒதுக்கி வைப்போம் என்று மிரட்டினால்கூட, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகவே சேர்த்திருக்கிறது.

சந்தேகத்தையே சாட்சியாக எடுப்பது

திருட்டு போனதும் கை நீளுவது கேட்க ஆளில்லாதவர் பக்கம்தான்: பழங்குடிகளான பணியர் வீடு, அல்லது எஸ்டேட்டுக்கு ஜார்கண்டிலிருந்து வந்த தொழிலாளி. இந்த மலைக்கு அது புதிதல்ல. சூனியம் வைத்ததாகச் சந்தேகித்தே 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர் பழங்குடியினர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கட்டிவைத்து அடித்து வாங்கிய ஒப்புதல் எதற்கும் உதவாது; அடித்தவர்தான் உள்ளே போவார். திருட்டே நிரூபணமானாலும், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா தருவது சமுதாய சேவைதான். அதற்காக ஒருவனின் கையை உடைப்பது எந்த நியாயம்?

விசாரிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஊர் கவுடரோ தலைவரோ ஒரு தரப்புக்குச் சொந்தம் என்றால் அன்றைக்கு அவர் விலகி உட்கார வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, அவருக்குப் புரியும் மொழியில், கடைசியில் பேச விடுங்கள். பெண்களிடம் கேட்க வேண்டியதை அவர்கள் வீட்டு ஆண்களிடம் கேட்டு முடிக்காதீர்கள்.

காகிதத்தில் ஏமாறுவது

ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் வரும் சி.எஸ்.ஆர். ரசீதை ‘கேஸ் போட்டாச்சு’ என்று நம்பிப் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை; அதன் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

‘திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும்’ என்று ஊர் தள்ளிப்போட்டாலும் காலக்கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கைக்கடனுக்கு மூன்று வருடம். அது முடிவதற்குள் கடன் வாங்கியவர் ‘பாக்கி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாகத் தொடங்கும், வாய்வார்த்தை போதாது. லேசான அடிதடிக்குக் கெடு ஒரே வருடம்.

எதிராளி ஜாமீனில் வந்ததும் விடுதலை ஆகிவிட்டார் என்று எண்ணி வழக்கைக் கைவிடாதீர்கள். வழக்கு நடக்கும்வரை வெளியே இருக்க அனுமதி, அவ்வளவே.

ஊரில் ஒத்துக்கொண்டதை உறுதியாக்க நல்ல இடம் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்). தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் வக்கீல் இலவசம். போன் எண் 15100. ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.