சர்வர் மாற்றும்போது சான்றிதழ் பிழை வராமல் இருக்க

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயர் எந்த ஐபி முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு) மாற்றும் முன், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது சர்வரின் ஐபி முகவரியையும் பக்கத்தில் தளத்தின் பெயரையும் ஒரே வரியில் எழுதிச் சேமித்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து தளத்தைப் பாருங்கள். பிரவுசர் டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன் இந்தக் கோப்பைத்தான் பார்க்கும் என்பதால் உங்களுக்கு மட்டும் புது சர்வர் திறக்கும், மற்றவர்கள் பழைய இடத்திலேயே இருப்பார்கள், சான்றிதழில் (தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது) கோளாறு இருந்தால் வாசகர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டையும் எழுதிப் பாருங்கள். ஒன்று சரியாக வந்து மற்றது மாட்டிக்கொள்வது ரொம்ப சகஜம்.

பிழை வந்தால் பழைய சர்வரிலிருந்து சான்றிதழ், அதன் தனிச் சாவி, இடைநிலைச் சான்றிதழ் (தளத்தின் சான்றிதழை, பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) மூன்றையும் கொண்டுவந்து வைத்தால் போதும். வழக்கமான சான்றிதழ் தளத்தின் பெயருக்குத்தான், ஐபிக்கு இல்லை, அதனால் சர்வர் மாறினாலும் அதுவே செல்லும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் புதிதாக வாங்கலாமே என்றால், தளம் உங்களுடையதா என்று சர்வரில் கோப்பு வைத்துச் சரிபார்க்கும் முறையில் அது டிஎன்எஸ் காட்டும் பழைய சர்வரைத்தான் போய்ப் பார்க்கும், அதனால் மாற்றத்துக்கு முன் புது சர்வரில் கோப்பு வைத்து வாங்க முடியாது. இடைநிலைச் சான்றிதழை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாமலே கணினியில் சரியாகத் திறக்கும் தளம் சில மொபைல்களில் பிழை காட்டும்.

வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் மாதிரி சேவைக்குப் பின்னால் இருக்கும் தளத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அங்கே வாசகர் பார்ப்பது அந்தச் சேவையின் சான்றிதழை. சோதனை முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரியை அழித்துவிடுங்கள்.